காற்று வரும் மூலை

பணகுடிக்கு மேற்கே நாலரை சென்ட்.
வீடு போக மிச்சத்தில்
ஒரு மரத்துக்கு இடம் இருந்தது.
ஒரு மரத்துக்குத்தான்.

ஜெசிந்தா மயில்கொன்றை என்றாள்.
அவள் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தில்
மே மாதம் கேட்டைப் பூட்டின பிறகு
யாருக்கும் இல்லாமல் பூத்துத் தீர்ந்துபோகுமாம்.
அந்தச் சிவப்பை ஒரு தடவையாவது
லீவு நாளில் பார்க்கணுமாம்.

நான் ஈழத்தலரி என்றேன்.
“கல்லறைத் தோட்டத்து மரத்தையா
வாசல்ல கொண்டாந்து வைக்கச் சொல்லுதிய?”

நான் காற்றாலை வேலைக்காரன்.
எண்பது மீட்டர் ஏறி
கியருக்கு எண்ணெய் பார்க்கிறவன்.
வைகாசி பிறந்துவிட்டால்
கணவாய் வழியே வருவதைக் காற்றென்று
நாங்கள் சொல்வதில்லை.
“வந்துட்டான்” என்போம்.

மயில்கொன்றை அவசரத்தில் வளர்கிற சாதி.
கட்டைக்குள் பலம் சேருமுன்
கிளை தெருவை எட்டிப்பார்க்கும்.
குடையாய் விரியும்.
எங்கள் ஊரில் ஆனி மாதம்
குடை விரித்து நடந்தவன் யார்?
வேரோ மேலாக்கில் ஓடி
காம்பவுண்டுச் சுவரைத் தூக்கும்,
பதினைந்தடியாவது தள்ளி வைக்கணும்.
எங்களுக்கு மொத்தமே பதினொன்று.

ஈழத்தலரி குட்டை.
வேர் அடக்கம்.
தடித்த கிளை, விரல் மடக்கின கை மாதிரி.
பிடுங்கிப் போக இலை கொஞ்சம்,
மார்கழியில் அதுவும் கிடையாது.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
“சரி, பூவு?” என்றாள்.
அதுவரைக்கும் நான்
பூவைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் இரண்டும் வந்தன.
விதையை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு
தென்மேற்கு மூலையில் ஊன்றினாள்,
காற்று முதலில் தொடுகிற மூலை.
அங்கே வேண்டாம் என்றேன்.
வெயில் அங்கதான் நிக்கி என்றாள்.
நான் ஒரு கிளை வெட்டி வந்து
பால் வற்றப் பத்து நாள் நிழலில் போட்டு
ஒரு சாக்கு தேரி மணல் கலந்து நட்டேன்.
இலை விடும்வரை தண்ணீர் காட்டாதே,
இரண்டு தடவை சொன்னேன்.

ஐம்பதாம் நாள் கிளை கறுத்தது.
இழுத்தால் கையோடு வந்தது.
அடி கொழகொழத்து
அரிசி களைந்த தண்ணீர் வாடை.
“மொட்டையா நின்னுச்சு, பாவமா இருந்துச்சு.”
வேண்டாம் என்றவள்
நான் டவரில் இருந்த மதியமெல்லாம்
ஊற்றியிருக்கிறாள்.
நான் சிரித்துவிட்டேன் என்று எழுதலாம்.
இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் வருஷம் ஆனி பதினேழு.
பன்னிரண்டு மீட்டர் வேகம் தாண்டினால்
மேலே ஏறக்கூடாது, கம்பெனி விதி.
மரத்துக்கு அப்படி விதி இல்லை.
ஓட்டு உயரத்துக்கு வந்திருந்த மயில்கொன்றை
ராத்திரி இரண்டு மணிக்கு
தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.
டார்ச்சை அவள் பிடித்தாள்.
டவரில் என்னைக் கட்டுகிற பெல்ட்டால்
அதை மோட்டார் அறைத் தூணோடு கட்டினேன்.
எங்கள் பேச்சைக் காற்று கொண்டுபோனது.
அவள் என்னவோ கத்தினாள்,
என்னவென்று இன்றைக்கும் கேட்கவில்லை.

விடிந்தபோது ஒரு பெரிய கிளை
அடுத்த மனையில் கிடந்தது.
மிச்ச மரம் கிழக்கே சாய்ந்து
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் போல நின்றது.
முறிந்த இடத்தைச் சரித்து அறுத்தேன்,
மழைத் தண்ணீர் தங்காமல்.
பூக்க ஐந்து வருஷம் ஆகும்,
ஏழும் ஆகும்.
இந்தச் சாய்ந்த மரம் பூத்தால்
சிவப்பு முழுவதும்
அடுத்த மனைக்காரர் ஞானதிரவியத்துக்குத்தான்.

இப்போது துவைக்கிற கல் ஓரம்
புதுக் கிளை ஒன்று சாத்தியிருக்கிறது.
வெட்டும்போது பால் பட்டு
மணிக்கட்டில் தடித்துப்போயிருக்கிறது,
என் கை இல்லை, அவள் கை.
இன்றோடு ஒன்பது நாள்.
அரிசி களைந்த தண்ணீரை
கறிவேப்பிலைக்குக் கொண்டுபோகிறாள்,
கல்லைத் தாண்டும்போது மட்டும்
முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு.